பட்லரா, ஆசிரியரா?

பட்லர் இங்கிலீஷ்!

இச்சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நகைப்பு வரும். வெள்ளைத் துரைமார் சென்னை மாகாணத்தை ஆண்ட நாளில், அவர்தம் மாளிகையிலே மேசை துடைத்தவன், கோப்பை கழுவியவன், துரைசானி அழைத்த குரலுக்கு ஓடி நின்றவன் - பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாதவன் - காதால் கேட்டு, நாவால் உருட்டி, வயிற்றுப்பாட்டுக்காகப் பேசிய ஆங்கிலம் அது. அதிலே இலக்கணம் தடுமாறும்; காரியம் தடுமாறாது. துரை கேட்டது மேசைக்கு வந்து சேரும். ஆயினும் துரைமார் அவன் பேச்சை எள்ளி நகையாடினர். அதற்கொரு பெயரும் சூட்டினர். உழைப்புக்குக் கூலி கொடுத்தவர்கள், உழைத்தவனின் நாவுக்கு இழிவைக் கொடுத்தார்கள்.

மாகாணம் மறைந்தது. துரைமார் கப்பலேறினர். பட்லரும் போய்விட்டான் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். போகவில்லை, தோழர்களே! அவன் சீமைக்கே சென்று, பல்கலைக் கழகத்தின் பின்கட்டிலே குடியேறியிருக்கிறான். 1991-ஆம் ஆண்டில் ஆன் ரைம்ஸ் என்னும் அம்மையார் - நியூயார்க் நகரில் ஆங்கிலம் பயிற்றிய ஆசிரியை - கல்லூரிகளில் பிறமொழி மாணவர்க்கு ஆங்கிலம் கற்பிப்போரிடம் காணப்படும் ஒரு மனப்பான்மைக்குப் பெயர் தேடினார். பிற துறையார் இட்டதைக் கேள்வி கேளாது செய்து முடிக்கும் அந்தப் பணிவுக்கு அவர் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? பட்லரின் நிலை! இங்கே வேலைக்காரனின் ஆங்கிலத்துக்குச் சூட்டப்பட்ட அடைமொழி, அங்கே ஆங்கில ஆசிரியனின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டது. காலம் சில வேளைகளில் இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறது.

நாம் இதைக் கண்டு கைகொட்டிச் சிரிக்கப் போவதில்லை. ஒரு தொழிலாளி இழிவுபடுத்தப்படும்போது, அவன் எந்நாட்டவன், எம்மொழியினன் என்று பார்த்துவிட்டு இரங்குவது பகுத்தறிவாளர் பழக்கமன்று. அதனினும் மேலாக, அந்த ஆசிரியனின் நிலை நம் வீட்டுப் பிள்ளைகளின் தலைவிதியோடும் பிணைந்து கிடக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

பிரிட்டனிலே ஒரு சங்கம் இருக்கிறது. பல்கலைக் கழகங்களில் கல்விக்குரிய ஆங்கிலத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களின் சங்கம். 1972-இல் அது தோன்றியபோது அதன் பெயர் செல்மஸ். கடல் கடந்து வரும் பல்கலைக் கழக மாணவர்க்கெனத் தனி ஆங்கிலப் பாடப்பொருள் ஆக்குவோர் கூட்டம் என்பது அப்பெயரின் விரிவு. ஒருவர் ஆக்கிய பாடத்தை மற்றவர் பார்க்கவும், ஒருவர் பட்ட தொல்லையை மற்றவர் அறியவும் கூடிய சிறு கூட்டம் அது. 1989-இல் அது கல்விப் பயன்பாட்டு ஆங்கில விரிவுரையாளர்களின் பிரித்தானியச் சங்கமாகப் பெயர் மாறிற்று. ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டிப் பேலீப் என்று அழைக்கிறார்கள். 1991-இலிருந்து ஆங்கிலப் பயிற்சி வகுப்புகளை ஆய்ந்து தரச்சான்று வழங்கும் பணியையும் அது மேற்கொண்டது. 2010-இல் தன்னை உலக அரங்கமாக அறிவித்துக்கொண்டது.

இவர்கள் கற்பிப்பதுதான் என்ன? எழுவாய், பயனிலை, செயப்படுபொருளா? அன்று. கடைக்குப் போய்க் காய்கறி கேட்கும் ஆங்கிலமா? அதுவுமன்று. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எப்படித் தொடங்குகிறது? பிறர் கருத்தை எப்படி எடுத்தாள்வது, எப்படி மறுப்பது? 'உறுதி' என்று சொல்ல வேண்டிய இடம் எது, 'இருக்கலாம்' என்று அடக்கி வாசிக்க வேண்டிய இடம் எது? விரிவுரையைக் கேட்கும்போதே குறிப்பெடுப்பது எங்ஙனம்? கருத்தரங்கிலே பேராசிரியரை மரியாதை குன்றாமல் எதிர்த்துப் பேசுவது எங்ஙனம்? இவைதாம் அவர்கள் கற்பிக்கும் பாடம்.

ஒரு சான்று காட்டுவோம். லிபியாவிலும் சூடானிலும் ஆங்கிலம் பயிற்றி, பின்னர் பர்மிங்காமிலும் மிச்சிகனிலும் பணியாற்றிய ஜான் சுவேல்ஸ் என்னும் அறிஞர், ஆராய்ச்சிக் கட்டுரைகளின் முன்னுரைகளைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்த்தார். 1990-இல் வெளிவந்த நூலில் அவர் காட்டிய அமைப்பு இதுதான்: முதலில், இது முக்கியமான வயல் என்று காட்டுகிறார்கள், அடுத்து, இவ்வயலிலே இன்னும் உழப்படாத மூலையொன்று உண்டு என்கிறார்கள், மூன்றாவதாக, அம்மூலையிலே நான் ஏர் பூட்டப் போகிறேன் என்கிறார்கள். மூன்றே அடிகள்! எந்தப் பேராசிரியரும் இதைத் தம் மாணவனிடம் வெளிப்படையாகச் சொன்னதில்லை. பலருக்கு அது தாம் செய்வதென்றே தெரியாது. எழுதி எழுதிப் பழகியவர்க்குக் கை தானே எழுதும். பழகாதவனோ வாசலிலே நிற்பான். அவன் திறமையற்றவன் என்று முடிவு கட்டப்படும். மறைந்து கிடந்த விதியை வெளியே எடுத்து வைத்தவர் சுவேல்ஸ் போன்ற ஆங்கில ஆசிரியரே.

விதி வெளிப்பட்டதும் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. கல்விக்குரிய ஆங்கிலம் எவனுக்கும் தாய்மொழியன்று. இலண்டனில் பிறந்த கூலித் தொழிலாளியின் மகனும் அதைக் கற்றுத்தான் தீரவேண்டும்; இலாகோசில் பிறந்தவனும் கற்றுத்தான் தீரவேண்டும். 1998-இல் மேரி லீ, பிரையன் ஸ்ட்ரீட் ஆகிய இருவரும் பிரிட்டனில் மாணவர் எழுத்தை ஆராய்ந்தபோது, அந்நாட்டு மாணவர்களே துறைக்குத் துறை, ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும் எதிர்பார்ப்புகளுக்கிடையே திணறுவதைக் கண்டார்கள். ஆங்கிலம் பேசும் தாயின் மடியில் வளர்ந்தவனுக்கும் அந்த எழுத்து மடியிலே கிடைத்த சொத்தன்று. அப்படியானால், பிறப்பால் வருவது எங்கே? பரம்பரையால் வருவது எங்கே? கற்றால் வரும்; கற்பித்தால் வரும். பிறப்பிலே உயர்வில்லை என்று பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன நமக்கு, இதைவிட இனிய செய்தி வேறென்ன வேண்டும்?

இத்துணை அரிய பணியைச் செய்வோர்க்கு எத்தகைய இருக்கை கிடைத்திருக்க வேண்டும்? முன்வரிசை நாற்காலி. கிடைத்தது என்ன? பின்கட்டுத் திண்ணை!

பிரிட்டனின் பல பல்கலைக் கழகங்களில் இவர்கள் துறையினர் அல்லர், சேவைப் பிரிவினர். நூலகத்துக்கும் விடுதி அலுவலகத்துக்கும் இடையே ஒரு மையம், அதிலே இவர்கள். விரிவுரையாளர் என்ற பெயர்கூடச் சில இடங்களில் இல்லை. பயிற்றுநர் என்பது பதவியின் பெயர். ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கப்படுவது அரிது. கோடை வந்தால் ஆறு வாரம், பத்து வாரம், பன்னிரண்டு வாரம் என்று ஒப்பந்தம். மாணவர் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் வேலையும் முடிந்தது. அறுவடைக்கு ஆள் பிடித்து, களம் தூற்றியதும் கணக்குத் தீர்த்து அனுப்பும் முறையை நம் வயல்களிலே கண்டிருக்கிறோம். அறிவுக் களஞ்சியம் என்று பெயர் பெற்ற இடங்களிலும் காண்கிறோம். 2000-க்குப் பிறகு, வெளிநாட்டு மாணவர்க்கான ஆயத்த வகுப்புகளைப் பல்கலைக் கழகங்கள் சில தனியார் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து நடத்தத் தொடங்கின. ஆசிரியர் பல்கலைக் கழகத்துள்ளே நிற்பார். ஆனால் பல்கலைக் கழகத்தின் ஊழியராக இரார். 2017-இல் அலெக்ஸ் டிங், இயன் புரூஸ் ஆகியோர் இந்த ஆசிரியர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். கல்வியுலகின் விளிம்பிலே இயங்குதல் என்பது அதன் துணைத் தலைப்பின் பொருள். தம் தொழிலைப் பற்றி எழுதப் புகுந்தவர்க்கு, விளிம்பு என்ற சொல்தான் அட்டையிலே வந்து அமர்ந்தது!

ஏன் இந்த நிலை? இவர்கள் திறமையற்றவர்களா? இல்லை. காரணம் பணப்பெட்டியிலே இருக்கிறது.

1967 வரை பிரிட்டனின் பல்கலைக் கழகங்களில் உள்நாட்டு மாணவனுக்கும் வெளிநாட்டு மாணவனுக்கும் கட்டண வேற்றுமை வகுக்கப்படவில்லை. அவ்வாண்டு அரசு கோடு கிழித்தது: உள்நாட்டானுக்கு 70 பவுன், வெளிநாட்டானுக்கு 250 பவுன். 1979-இல் பதவிக்கு வந்த தாட்சர் அரசு, 1980 முதல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர் முழுச் செலவையும் தாமே செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. அன்று முதல் கடல் கடந்து வந்தவன் மாணவன் என்ற நிலையிலிருந்து வாடிக்கைக்காரன் என்ற நிலைக்கு மாறினான். அரசு மானியம் சுருங்கச் சுருங்க, அவன் பணம் பல்கலைக் கழகத்தின் உயிர்நாடியாயிற்று. அவனைக் கொண்டுவர விளம்பரம். அவனை உள்ளே விடத் தேர்வு. தேர்விலே சற்றுக் குறைந்தால் கட்டணத்தோடு ஆங்கில ஆயத்த வகுப்பு! ஆங்கில ஆசிரியர் எங்கே நிற்கிறார் பார்த்தீர்களா? அறிவின் வாசலிலே சுங்கச்சாவடி; சாவடியிலே அவர்! சாவடி வசூலை எண்ணும் நிர்வாகம், சாவடிக்காரனைப் பேராசிரியனாக மதிக்குமா?

சாவடியின் வேடிக்கைகளையும் காண்போம். செல்மஸ் பேலீப் ஆன அதே 1989-இல்தான், ஐஈஎல்டிஎஸ் என்று நம் ஊர்ச் சுவர்களிலெல்லாம் விளம்பரப்படும் தேர்வும் இன்றைய பெயரோடு பிறந்தது. 2017-இல் அத்தேர்வு ஓராண்டில் 30 இலட்சம் முறைக்கு மேல் எழுதப்பட்டது. 2021-இல் அத்தேர்வை இந்தியாவில் நடத்தும் தொழிலை, பிரிட்டிஷ் கவுன்சில் தன் கூட்டாளியான ஐடிபி நிறுவனத்துக்கு 13 கோடி பவுனுக்கு விற்றது. ஆம், விற்றது! மாம்பழத் தோப்பைக் குத்தகை மாற்றுவதுபோல, நம் பிள்ளைகள் எழுதும் தேர்வு கை மாறிற்று. அதன் மதிப்பெண்ணோ இரண்டாண்டுக்கே செல்லும். இரண்டாண்டில் பால் கெடும், பழம் அழுகும், மொழியறிவும் அழுகுமா? பழகாத மொழி மங்கும் என்பது உண்மையே. ஆனால் அல்லும் பகலும் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் பணி செய்தவனும் மூன்றாம் ஆண்டில் மீண்டும் பணம் கட்டித் தன் நாவை நிறுத்துப் பார்க்க வேண்டுமென்பது எந்த மொழியியல்?

இன்னொன்று. ஆங்கில அறிவுக்குச் சான்று காட்ட வேண்டாத நாடுகள் என்று பிரித்தானிய அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்கா உண்டு, ஆஸ்திரேலியா உண்டு, ஜமைக்கா உண்டு, கயானா உண்டு. இந்தியா இல்லை, நைஜீரியா இல்லை, கென்யா இல்லை. ஜமைக்காவுக்கு விலக்களித்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. முதல் வகுப்பு முதல் ஆங்கிலத்திலேயே படித்த நைஜீரிய இளைஞன், ஆங்கிலத்திலே தீர்ப்பு எழுதும் நீதிமன்றங்களைக் கொண்ட நாட்டின் குடிமகன், ஏதேனும் ஒரு காகிதத்தைக் காட்டித் தன் நாவை மெய்ப்பிக்க வேண்டுமென்பதைத்தான் கேட்கிறோம். பட்டியல் மனிதனின் நாவை அளக்கிறதா, கடவுச்சீட்டின் நிறத்தை அளக்கிறதா?

வேடிக்கை வினையான கதை 2014-இல் நடந்தது. பிரிட்டனில் இசைவுச்சீட்டுக்காக நடத்தப்பட்ட டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வில், சில மையங்களில் ஆள்மாறாட்டம் நடப்பதைப் பிபிசி தொலைக்காட்சி படம் பிடித்துக் காட்டியது. மோசடி நடந்தது உண்மை. அதை மூடி மறைக்க நாம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன? 2011 முதல் 2014 வரை எழுதப்பட்ட 58,458 தேர்வுகளில் 58 விழுக்காடு செல்லாதவை, 39 விழுக்காடு ஐயத்துக்குரியவை என்று தேர்வு நிறுவனம் அறிவித்தது. நூற்றுக்கு தொண்ணூற்றேழு பேர் மேல் சந்தேகம்! அந்தப் பட்டியலை நம்பி அரசு இசைவுச்சீட்டுகளை ஆயிரக்கணக்கில் பறித்தது. படிப்பு பாதியில் நின்றது. கட்டிய பணம் போயிற்று. ஏமாற்றுக்காரன் என்ற பழி நிலைத்தது. 2019-இல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து, குற்றமற்றவர் சிலரும் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருக்கக்கூடும் என்று கூறிற்று. ஐந்தாண்டு கழித்து!

எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவனுக்கு ஆங்கிலம் தெரியுமா தெரியாதா என்பதை அறிய எளிய வழி எது? நாள்தோறும் அவனோடு பேசி, அவன் எழுத்தைத் திருத்தும் ஆசிரியரைக் கேட்பது. அந்த ஆசிரியர்களின் சொல்லுக்குச் சபையிலே எடை இருந்திருந்தால், ஒரு கம்பெனியின் பட்டியல் இத்தனை பேர் வாழ்வின்மேல் தேரோட்டியிருக்க முடியுமா? பட்லரைக் கேட்டு யாரேனும் தீர்ப்பு எழுதுவார்களா? ஆசிரியனைப் பட்லராக்கினால், அதன் முதற் பலி மாணவன்தான். இதற்காகத்தான் சொன்னோம், அந்த ஆசிரியனின் நிலை நம் பிள்ளைகளின் நிலையோடு பிணைந்தது என்று.

இப்போது சங்கத்தின் பக்கம் திரும்புவோம். நல்லதை நல்லதென்று சொல்லும் நேர்மை நமக்கு உண்டு. பேலீப் சும்மா இருந்துவிடவில்லை. வகுப்புகளுக்குத் தரச்சான்று வகுத்தது. 2008-இல் கல்வி ஆங்கில ஆசிரியர்க்கு வேண்டிய தகுதிகளைத் தொகுத்து வெளியிட்டது. ஆங்கிலம் பேசத் தெரிந்தவனெல்லாம் ஆங்கில ஆசிரியன் என்ற அறியாமைக்கு அது தக்க அடி. தனி ஆசிரியர்க்கும் தகுதிநிலைகள் வகுத்தது. அச்சங்கத்தோடு தொடர்புற்று 2002-இல் கென் ஹைலண்ட், லிஸ் ஹேம்ப்-லயன்ஸ் ஆகியோரை ஆசிரியராகக் கொண்டு ஓர் ஆய்விதழும் தோன்றிற்று. ஆராய்ச்சியற்ற கூட்டம் என்று இகழ்ந்தோர் வாயை அடைக்க அந்த இதழ் ஒன்றே போதும்.

இவையெல்லாம் சரி. ஆனால் நாம் கேட்கிறோம்: முத்திரை குத்துவது மட்டுந்தானா சங்கத்தின் வேலை? பாடத்திட்டத்துக்கு முத்திரை, மதிப்பீட்டு முறைக்கு முத்திரை, ஆசிரியரின் தகுதிக்கு முத்திரை. அந்த முத்திரையை விளம்பரத் தாளிலே அச்சிட்டு, கடல் கடந்து மாணவரை அழைப்பது யார்? நிர்வாகம். முத்திரைக்காக இரவெல்லாம் ஏடு நிரப்பிய ஆசிரியர், கோடை முடிந்ததும் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பாரே, அவர் வாழ்வுக்கு முத்திரை எது? தகுதியை வளர்த்துக்கொள் என்று ஆசிரியனிடம் சொல்வது எளிது. தகுதியுடையவனுக்கு உரிய இடத்தைக் கொடு என்று ஆண்டையிடம் சொல்வதுதான் கடினம். எளியதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தாயிற்று. கடினமானது காத்துக் கிடக்கிறது.

சங்கத்து அன்பர்கள் விடை சொல்லக்கூடும்: நாங்கள் தொழிற்சங்கமல்லோம், சம்பளப் பேரம் பேச வேறு சங்கம் உண்டு என்று. உண்மைதான். பல்கலைக் கழக, கல்லூரி ஆசிரியர்க்கான தொழிற்சங்கம் 2006 முதல் அங்கே ஒன்றுபட்டு இயங்குகிறது. பேலீப் கொடி பிடித்துத் தெருவுக்கு வரவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தன் கையிலிருக்கும் முத்திரையின் வலிமையை அது உணரவேண்டும் என்று கேட்கிறோம். நிலையான பணியிடங்கள் இத்தனை, ஆய்வு நேரம் இவ்வளவு, ஒப்பந்த ஆசிரியர்க்கு உரிமைகள் இவை. இவை இல்லாத இடத்துக்கு முத்திரை இல்லை என்று உரக்கச் சொன்னால், எந்த நிர்வாகம் காது கொடாதிருக்கும்? கசாப்புக்காரனிடம் கருணை கேட்பதைவிட, தராசைத் தன் கையில் வைத்திருப்பவன் எடைக்கல்லை மாற்றுவது எளிதல்லவா?

வேறொரு பக்கத்திலிருந்தும் கேள்வி எழும். "ஆங்கிலத்தைப் பரப்புவதே ஆதிக்கமாயிற்றே! அந்த ஆசிரியர்க்காக நாம் ஏன் பரிந்து பேசவேண்டும்?" என்பர் சிலர். இதைப் புறந்தள்ள முடியாது. 1992-இல் இராபர்ட் பிலிப்சன், ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலுக்குப் பின்னே நிற்கும் ஆதிக்க நலன்களை ஒரு நூலிலே அம்பலமாக்கினார். 2001-இல் சாரா பெனஷ், கல்வி ஆங்கில ஆசிரியன் மாணவனைப் பல்கலைக் கழகத்துக்கு ஏற்ப வளைப்பதோடு நின்றுவிடலாகாது. பல்கலைக் கழகத்தைக் கேள்வி கேட்கும் உரிமையையும் அவனுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று வாதாடினார். இந்த வரிசையிலே நம்மவர் ஒருவர் நிற்கிறார் என்பதைப் பெருமையோடு சொல்வோம். அவர் யாழ்ப்பாணத்துச் சுரேஷ் கனகராஜா.

யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்திலே போர்க்காலத்தில் ஆங்கிலம் பயிற்றியவர் அவர். மின்சாரம் அற்ற இரவுகள். தாள் கிடைப்பது அரிது. அஞ்சல் போய்ச் சேருமா என்பது ஐயம். அந்த நிலையிலே மேலை நாட்டு ஆய்விதழ்கள் கட்டளையிடுகின்றன: வரிக்கு வரி இடைவெளி விட்டுத் தட்டச்சுச் செய்க, படிகள் பல அனுப்புக, புதிய நூல்களை மேற்கோள் காட்டுக! எழுதக் காகிதமில்லாதவனிடம் இடைவெளி விட்டு எழுது என்று சொன்னால், அது அறிவுக்கு வைத்த தேர்வா, வறுமைக்கு வைத்த தேர்வா? அறிவுலகத்தின் வாயிலை மொழி மட்டும் காக்கவில்லை, தாளும் தட்டச்சும் தபாலுங்கூடக் காவல் நிற்கின்றன என்பதை 2002-இல் வெளியான தம் நூலிலே அவர் உலகறியக் காட்டினார். அதற்கு முன்னரே, 1999-இல் வந்த நூலிலே, யாழ்ப்பாணத்து மாணவர்கள் ஆங்கிலத்தை எப்படி எதிர்கொண்டனர் என்பதை விளக்கினார். அவர்கள் அதை அடிமைபோல் ஏற்கவுமில்லை; தீண்டாது விலக்கவுமில்லை; தமக்கு வேண்டியவாறு வளைத்துக் கையாண்டார்கள்.

இதுதான் நம் வழியும். ஆதிக்கக்காரன் கையிலிருந்த கோல் என்பதற்காக அளவுகோலை முறித்துப் போடுவதில்லை நாம். அதைப் பறித்து எல்லோர் கையிலும் கொடுப்போம். விதியை வெளியே சொல்லாதவன் ஆதிக்கக்காரன். விதியை வெளியே சொல்லி, 'இதோ இதுதான் வழக்கம்; இதை நீ பின்பற்றலாம், காரணம் கேட்கலாம், மாற்றவும் முயலலாம்' என்று கற்பிப்பவன் தோழன். ஆங்கில ஆசிரியன் இந்த இரண்டில் எதுவாக இருக்கப் போகிறான் என்பதே கேள்வி. பட்லராக இருந்தால் அவனால் தோழனாக முடியாது. எசமானின் அறையில் நடப்பதை வெளியே சொல்லும் உரிமை பட்லருக்கு ஏது?

"பல்கலைக் கழகத்துக்கு வருபவன் ஆங்கிலம் தெரிந்துதானே வரவேண்டும்? தெரியாதவனுக்குக் கற்பிப்பது எங்கள் வேலையா?" என்று துறைப் பேராசிரியர் சிலர் முகம் சுளிப்பர். ஐயா, வேதியியல் தெரியாமல் வந்தவனுக்குத்தானே வேதியியல் கற்பிக்கிறீர்கள்? வேதியியலை எழுதும் முறையும் வேதியியலின் ஒரு பகுதிதானே? முழுச் செலவையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, பாதிப் பாடத்தை மட்டும் கொடுப்பது எந்தக் கடை நியாயம்? துறைப் பேராசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே கட்டுரையை இருவரும் பார்த்து, ஒரே மாணவனை வளர்க்க வேண்டும். அது நடக்கக்கூடாத கனவன்று. 1970-களிலேயே பர்மிங்காமில் டிம் ஜான்ஸ் போன்றோர், துறை விரிவுரையாளரோடு கூடி நின்று கற்பித்துக் காட்டியிருக்கிறார்கள்.

நம் கோரிக்கைகளை ஒழுங்குபடுத்திச் சொல்வோம்.

ஒன்று: கல்விக்குரிய ஆங்கிலம் பட்டப்படிப்பின் உட்பகுதியாக, தனிக் கட்டணமின்றி, உள்நாட்டு மாணவன் வெளிநாட்டு மாணவன் என்ற பிரிவின்றி எல்லோர்க்கும் கற்பிக்கப்பட வேண்டும். சுங்கச்சாவடி இடிக்கப்பட வேண்டும்.

இரண்டு: அதைக் கற்பிப்போர் ஆசிரியர் வரிசையில் சமமாக அமர வேண்டும்; நிலையான பணியும், ஆராய்ச்சிக்கு நேரமும் பெறவேண்டும்.

மூன்று: சங்கத்தின் முத்திரை, வகுப்பின் தரத்தோடு ஆசிரியர் வாழ்வின் தரத்தையும் முதன்மையான அளவாகக் கொள்ள வேண்டும்.

நான்கு: எந்த மாணவனின் எதிர்காலமும் ஒரே ஒரு தேர்வுத் தாளில் முடிவு செய்யப்படலாகாது. ஆசிரியரின் கருத்துக்கு இடமும், மாணவனின் மறுமொழிக்குச் செவியும் வேண்டும்.

ஐந்து: உலக அரங்கம் என்று 2010 முதல் பெயர் தாங்குவோர், அந்த அரங்கிலே யாழ்ப்பாணத்துக்கும் இலாகோசுக்கும் டாக்காவுக்கும் பார்வையாளர் பலகையைக் காட்டாமல், மேடையிலே நாற்காலி போட வேண்டும்.

இவை நிறைவேறுமா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்வோம். இன்று அங்கே காற்று எதிராகத்தான் வீசுகிறது. 2024 சனவரி முதல், வெளிநாட்டு மாணவரில் பெரும்பாலோர் தம் குடும்பத்தாரை உடனழைத்து வருவது தடுக்கப்பட்டது. பல பல்கலைக் கழகங்கள் பணமுடை என்று கூறி ஆட்குறைப்பில் இறங்கின. மாணவன் வரவு குறைந்தால் முதலில் வெளியேற்றப்படுபவர் யார்? விளிம்பிலே நிற்பவர்தானே! மாணவனை விரட்டும் சட்டமும் ஆசிரியனை விரட்டும் சிக்கனமும் ஒரே கதவின் இரு பலகைகள் என்பதை அந்த ஆசிரியர்கள் உணர வேண்டிய காலம் இது. வாடிக்கைக்காரனாக எண்ணப்பட்டவனும் வேலைக்காரனாக எண்ணப்பட்டவனும் கைகோத்தால், கதவைத் திறக்க வேறு சாவி தேவைப்படாது.

இளைஞர்களே! உங்களிற் சிலர் நாளை அந்நாட்டுக்குச் செல்வீர்கள். தேர்வுத் தாளிலே ஓர் எண் குறைந்ததற்காகத் தலை கவிழாதீர்கள். நீங்கள் கற்கப் போகும் அந்த எழுத்து, அங்கே பிறந்தவனுக்கும் பிறவிச் சொத்தன்று. கட்டுரையிலே சிவப்பு மை கண்டால், 'ஏன் இப்படி எழுத வேண்டும்?' என்று ஆசிரியரைக் கேளுங்கள். விளக்கம் தருபவர் உங்கள் தோழர். அவர் பதவிக்கும் உரிமைக்கும் குரல் கொடுங்கள். விளக்கம் தர மறுப்பவர் எப்பெரும் பேராசிரியராயினும், மீண்டும் கேளுங்கள்.

அன்று சென்னை மாளிகையிலே, மேசை துடைத்தவனின் நாவைப் பார்த்துத் துரை சிரித்தார். அவன் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவனை யாரும் வைக்கவில்லை. இன்று கேட்கும் நிலையிலே நாம் இருக்கிறோம். அவனுக்காகவும் சேர்த்துக் கேட்போம்.